சதுர்த்தி விரதமும் நகராத முள்ளும்

இன்று காலை எடை முள் ஒருவழியாக இறங்கியது!

மாதக்கணக்கில் ஒற்றைச் சப்பாத்தியும் வெள்ளரிக்காயுமாகக் காய்ந்தபோது அசையாத முள் அது.

போன சதுர்த்தியன்று, முழுப் பட்டினியாவது இறக்கிவிடாதா என்று ஆபீஸ் மராட்டித் தோழியோடு நானும் விரதம் இருந்தேன்.

மதியம் அவள் டப்பாவைத் திறந்தாள். நெய் மணக்கும் ஜவ்வரிசிக் கிச்சடி, வேர்க்கடலை, உருளைக்கிழங்கு, தயிர்.

"இதுவா விரதம்?"

"அரே, என் விரதத்துக்கே இவ்வளவு! நீ தினமும் இதுல பாதிகூட சாப்பிடறதில்ல. பட்டினி போட்டா உடம்பு இருக்கறதைப் பிடிச்சு வச்சுக்கும், எப்படி இளைக்கும்?" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தாள்.

மறுநாளிலிருந்து பருப்பு, காய், தயிர் என்று ஒழுங்காகச் சாப்பிட்டேன். முள் வழிக்கு வந்தது.

இன்று மறுபடி சதுர்த்தி. சாகண் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் என் அடுக்கு டப்பாவைப் பார்த்த தோழி, "இன்னிக்கு விரதம் இல்லையா?" என்றாள்.

"கடும் விரதம். அதான் ரெண்டு அடுக்கு."

உங்கள் வீட்டு விரதத்துக்கு எத்தனை அடுக்கு?