மேனேஜருக்குப் போட்ட ஊசி

ஏற்காட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நர்ஸ். ஆண் நர்ஸ்கள் அரைக்கைச் சட்டைக்கு மேல் எதுவும் போடக்கூடாது என்பது எங்கள் மேனேஜரின் சட்டம். பெண் நர்ஸ்களுக்கு ஸ்வெட்டர் உண்டு. கேட்டால், "ஆம்பளைக்கு என்னய்யா குளிரு?" என்பார், கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டே.

போன மார்கழியில் அவரே காய்ச்சலோடு வந்து ஊசிக்காகக் குப்புறப் படுத்தார். பழிவாங்க இதைவிட நல்ல நாள் ஏது? ஐஸாய்க் கொட்டிய குழாய்த் தண்ணீரில் ஐந்து நிமிடம் கையைக் காட்டிவிட்டு, அவர் இடுப்பில் அழுத்தி வைத்தேன். "அம்மா!" என்று அலறியவர் அப்படியே அசையாமல் கிடந்தார். மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி இல்லை! ஐம்பது வயதில் எனக்கு ஜெயிலா! அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"சார், எந்திரிங்க சார்! இனி குளிருதுன்னே சொல்ல மாட்டேனுங்க!"

"யோவ், இன்னும் ஊசி போடலியா?" என்றார் பிணம். ஊசிக்குப் பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். நாடி ஒழுங்காகத்தான் இருந்தது. என் விரல்தான் மரத்துப் போயிருந்தது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்ததும் குறும்பும் வந்தது. "கை விறைச்சா நாடி தெரியாதுங்க சார். உங்களை முடிஞ்சுதுன்னே நெனச்சுட்டேனுங்க."

மறுநாளே எங்களுக்கும் ஸ்வெட்டர் வந்தது.

இப்போதெல்லாம் யாரைத் தொடுவதானாலும் முதலில் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்கிறேன். மேனேஜர் வந்தால் மட்டும், அவர் கண்முன்னாலேயே குழாயைத் திறந்து நிதானமாகக் கை கழுவுகிறேன்.