செருப்புக்குக் காவல்

கரீபியன் கப்பல் பயணத்துக்குப் பதிந்தபோது மனைவி உயிரோடு இருந்தாள். கப்பல் ஒரு தீவில் ஒரு பகல் நிற்கும். அந்தப் பகலை எப்படிக் கழிப்பது என்று எங்கள் தோர்ண்டன் ஹீத் வீட்டுக் குசினியில், அடுப்படியில் நின்று, எங்களுக்குள் வாக்குவாதம். எனக்கு அந்த ஊர் மீன்சந்தையைப் பார்க்க ஆசை.

"மீன் பாக்கக் கப்பலேற வேணுமே? றோட்டுக்கு அங்கால மீன்கடை இருக்கு. நான் கடலில முழங்கால் மட்டும் நிக்கப்போறன். நீங்கள் கரையில இருந்து என்ர செருப்பைப் பாருங்கோ" என்றாள்.

கோயில் திருவிழாக்களிலும் அவளுடைய செருப்புக்குக் காவல் நான்தான். ஒருமுறை யாரோ போட்டுக்கொண்டு போய்விட, மழையில் வெறுங்காலோடு பஸ் ஏறினாள். அதன்பிறகு என்னை நிறுத்திவிட்டுத்தான் கழற்றுவாள்.

மாசியில் அவள் போய்விட்டாள். அவளுடைய இடத்தில் மகள் வருகிறாள். நேற்று போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, கடலோ, சந்தையோ?"

இனி மறிக்க ஆளில்லை. ஆனாலும் சந்தை என்று சொல்ல வாய் வரவில்லை.

"கடல் எண்டு போடு, பிள்ளை."

"நீங்கள் தண்ணியில இறங்கமாட்டியளே. கரையில இருந்து என்ன செய்யப்போறியள்?"

"செருப்பைப் பாப்பன்."

"ஆரின்ர செருப்பை?" என்று சிரித்தவள், பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.