ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள்

எண்ணெய்ச் சாயத்தில் கலக்கும் டர்பன்டைன் வாடை மூக்கில் ஏறிக் கண்ணைக் கரித்தால் எனக்கு அன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பா துபாயில் வேலை பார்த்த அந்த வருஷங்களில், திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் ஒரு மாடி வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் குடியிருந்தோம். வாரத்தின் மற்ற நாட்களில் அங்கே மின்விசிறியின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது.

ஞாயிறு காலையில் அம்மாவோடு சேர்ந்து படம் வரைய மூன்று பேர் வருவார்கள். சர்ச் சுவர்களில் படம் எழுதும் அருள் மாமா, போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த ரபீக் மாமா, நர்ஸாக இருந்த ஸ்டெல்லா அத்தை. ஒருவர் உட்கார, மற்றவர்கள் அவரை வரைவார்கள். வரைந்தபடியே, மூக்கு கோணிவிட்டது, கை முருங்கைக்காய் மாதிரி இருக்கிறது என்று ஒருவரையொருவர் வம்புக்கு இழுப்பார்கள். அம்மா மட்டும் தன் முறை வரும்போதெல்லாம் டீ போடுகிறேன் என்று எழுந்து போய்விடுவாள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ரபீக் மாமா வீட்டிலிருந்து வரும் "வெஞ்சன"த்தைப் பங்கு போட்டுச் சாப்பிடுகையில், நம்மூரில் ஒரு கண்காட்சி வைக்க வேண்டும் என்ற பேச்சு கிளம்பி, கல்யாண மண்டபத்திலா பள்ளிக்கூடத்திலா என்பதிலேயே நின்றுபோகும். அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது வாரத்தில் அந்த ஒரு நாளில்தான்.

ஒருநாள் வீட்டுக்கார அம்மா மேலே ஏறி வந்தார். கெட்டவரில்லை, எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தருகிறவர். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "புருஷன் வெளிநாட்டுல இருக்கையில ஆம்பளைங்க வந்து போனா, நாலு பேரு நாலு விதமாத்தான் பேசுவாங்க. பொம்பளப்பிள்ளய வச்சிருக்க, பாத்துக்க தாயி." அம்மா போனில் அப்பாவிடம் சொன்னபோது அவரும் கோபிக்கவில்லையாம். தான் ஊர் திரும்பியதும் சொந்த வீடு கட்டிக்கொள்வோம், அதுவரை பொறுத்துக்கொள் என்றாராம்.

அடுத்த ஞாயிறு, இனி இங்கே கூட வேண்டாம் என்று அம்மா விஷயத்தைச் சொன்னதும் யாரும் வாதாடவில்லை. ரபீக் மாமா தூரிகையைக் கழுவத் தொடங்கினார். ஸ்டெல்லா அத்தைதான் அவரை நிறுத்தினார்.

"எங்க எல்லாரையும் நீங்க வரஞ்சிட்டீங்கக்கா. உங்கள ஒருத்தரும் வரையல. இன்னைக்கு நீங்க உக்காருங்க."

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எனக்கும் ஒரு தாளும் பென்சிலும் தந்தார்கள். அம்மாவின் முகத்தை அவ்வளவு நேரம் நான் அதுவரை பார்த்ததே இல்லை. நெற்றி, மூக்கு என்று வந்து கண்ணை வரையப் போனபோது அது நிறைந்திருந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். மற்ற மூவரும் நிறுத்தாமல் வரைந்தார்கள். அன்றைக்கு யாரும் யாரையும் கேலி செய்யவில்லை.

அதன்பிறகு ஸ்டெல்லா அத்தை வேலை கிடைத்து வெளிநாடு போனார். ரபீக் மாமா ஸ்டுடியோவை மூடிவிட்டுக் கோயம்புத்தூரில் மகனிடம் இருக்கிறார். அருள் மாமா இறந்துவிட்டார். அப்பா திரும்பி வந்து, சொன்னபடியே பழனி ரோட்டில் வீடு கட்டி, மாடியில் நல்ல வெளிச்சம் விழும்படி அம்மாவுக்கென்று ஓர் அறையும் கட்டிக் கொடுத்தார். அங்கே யார் வந்தாலும் ஏன் என்று கேட்பாரில்லை; வரத்தான் ஆளில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, என்னை வரையம்மா என்று அந்த அறையில் போய் உட்கார்ந்தேன். இரண்டு கோடு இழுத்துவிட்டு அம்மா நிறுத்திவிட்டாள்.

"ஏதாச்சும் பேசிக்கிட்டே இருடி. ஆளு சத்தம் இல்லாம கை ஓட மாட்டேங்குது."

ஆபீஸ் கதை சொன்னேன், பஸ் கதை சொன்னேன், பக்கத்து வீட்டு நாய்க்குட்டியைப் பற்றிக்கூடச் சொன்னேன். படம் பாதி வருவதற்குள் என்னிடம் பேச்சு தீர்ந்துபோனது.