ஆர்லின் திருப்பிக் கொடுத்த மெஷின்கள்

ஆர்லின் ஹாவெர்சன் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. மினசோட்டா மாநிலத்தில் முப்பத்தொரு வருடம் எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்தவர். பெட்ரோல் பம்ப், இறைச்சிக் கடைத் தராசு என்று எதைப் பார்த்தாலும் அதில் ஒரு கோளாறு இருக்கும், அதை மறைக்கத்தான் கடைக்காரன் சிரிக்கிறான் என்பது அவர் கட்சி. ஓய்வு பெற்ற பிறகு சோதிக்கத் தராசு கிடைக்காமல் எங்களைச் சோதிக்க ஆரம்பித்தார். எதிர்வீட்டுக்காரனான நான் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுத்தால் படிகளை எண்ணிப் பார்த்துத்தான் உள்ளே வைப்பார்.

இருந்தும் இருபத்திரண்டு வருடமாக ஜூன் முதல் வாரத்தில் நாங்கள் இருவரும் வடக்கே ஏரிகளுக்குத் தோணியோடு போய்விடுவோம். ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவே காட்டுப் பாதையில் தோணியைக் கவிழ்த்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அப்போது தோளில் உட்காருவது தோணியின் குறுக்கே இருக்கிற நுகத்தடி. நடுவில் கழுத்துக்கு ஒரு வளைவு வெட்டியிருக்கும். எங்கள் நுகத்தடியை ஆர்லின் தன் கழுத்துக்கு அளவெடுத்துத் தன் கையால் செய்தார். தூக்குவதும் அவர்தான்.

"உங்கிட்ட குடுத்தா மரத்துல இடிப்ப, வெர்ன்" என்பார். நான் இதுவரை ஒரு மரத்தையும் இடித்ததில்லை. அவர் இடிக்க வாய்ப்பே கொடுத்ததில்லை.

போன வருடப் பயணத்தின் கடைசி நாளில் அந்த நுகத்தடி விரிசல் விட்டது. ஜூனுக்குள் புதிது செய்தால்தான் பயணம். கடையில் வாங்கிவிடலாமே என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"கடைல விக்கிறது யாரு கழுத்துக்குச் செஞ்சதுய்யா? அவன் கழுத்த நீ பாத்தியா?"



வழக்கமாக அந்த வளைவை அரத்தாலும் உப்புத்தாளாலும் கையாலேயே தேய்த்து முடிப்பார். இந்த வசந்தத்தில் அது சரிப்படவில்லை. முதலில் உப்புத்தாள் மேல் சந்தேகம் வந்தது. "இப்ப வர்றதெல்லாம் ஏமாத்து. நேராத் தேச்சாலும் கோணலாத் தேயுது." பிறகு அரம் மேல். பிறகு மூக்குக் கண்ணாடி செய்து கொடுத்தவன் மேல். இரண்டு ஆஷ் மரப் பலகைகள் அடுப்புக்குப் போன பிறகு, ஸ்பிண்டில் சாண்டர் வாங்குவது என்று முடிவாயிற்று. வேலை மேசை மேல் வைக்கிற சின்ன மெஷின் அது. அதன் தட்டு நடுவே உப்புத்தாள் சுற்றிய உருளை ஒன்று சுழன்றுகொண்டே மேலும் கீழும் போகும். பலகையைத் தட்டின் மேல் படுக்கவைத்து உருளையில் சாய்த்தால் போதும், உள்வளைவு வழவழவென்று வந்துவிடும்.

இரண்டு வாரம் கணினி முன்னால் உட்கார்ந்து, வாங்கினவர்கள் எழுதியதை எல்லாம் படித்தார்.

"அஞ்சு நட்சத்திரம் குடுத்தவன் எல்லாம் கம்பெனிக்காரனோட மச்சான்" என்றார்.

"ஒரு நட்சத்திரம் குடுத்தவன்?"

"போட்டிக் கம்பெனிக்காரனோட மச்சான்."

"அப்ப மூணு?"

"அவனுக்கு மச்சான் இல்ல. அவன மட்டும்தான் படிக்கிறேன்."

தட்டு வார்ப்பிரும்பாக இருக்க வேண்டும், உருளை கட்டாயம் மேலும் கீழும் போக வேண்டும், தூசி உறிஞ்சும் குழாய் கராஜில் இருக்கிற வேக்குவத்துக்குப் பொருந்த வேண்டும், மெல்லிசிலிருந்து தடிமன் வரை ஐந்தாறு உருளைகளாவது கூட வர வேண்டும். இதெல்லாம் காகிதத்தில் எழுதிய பட்டியல். எழுதாத பரீட்சை ஒன்றும் இருந்தது. மெஷினை ஓட விட்டு, தட்டின் மேல் ஐந்து சென்ட் காசைச் செங்குத்தாக விளிம்பில் நிறுத்துவது. காசு நின்றால் மெஷினில் அதிர்வு இல்லை, விழுந்தால் இருக்கிறது. எங்கள் ஊர் மரவேலைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் காசை நிறுத்திவிட்டு மெஷினை ஓட விடுபவர்களை ஆர்லினுக்குப் பிடிக்காது. "தூங்குற குதிரை மேல யார் வேணா ஏறலாம். ஓடும்போது நிறுத்தணும்."

முதல் மெஷினில் காசு விழுந்தது. கடையில் திருப்பிக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் அதன் அடியில் பென்சிலால் சின்னதாக ஒரு குறி போட்டார். அதையே புது டேப் ஒட்டித் தன் தலையில் மறுபடி கட்டிவிடுவார்கள் என்று பயம். இரண்டாவது மெஷினைக் கவிழ்த்து டார்ச் அடித்துப் பார்த்தோம். குறி இல்லை. அதில் அவருக்கு ஏமாற்றம்தான். அதிலும் காசு விழுந்தது. மூன்றாவதை டுலூத் நகரத்தில் வேறு கடையில் வாங்கினார். அதிலும் விழுந்தது.

"ரெண்டு கடைக்கும் ஒரே தொழிற்சாலை. பேரு மட்டும் வேற வேற" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன். சந்தேகம் சளி போல, பக்கத்தில் நின்றால் ஒட்டிக்கொள்ளும்.

நான்காவது பழைய மெஷின். மூஸ் லேக் ஊரில் டென்னர் என்று ஓர் ஓய்வுபெற்ற தச்சர் விற்றார். வார்ப்பிரும்புத் தட்டு, எல்லா உருளைகளும் பத்திரமாக இருந்தன.

"இவ்வளவு நல்ல மெஷின ஏன் விக்கிறீங்க?" என்று ஆர்லின் விசாரணையை ஆரம்பித்தார்.

"இதவிடப் பெருசு வாங்கிட்டேன்."

"எங்க, அதக் காட்டுங்க."

டென்னர் காட்டினார். பிறகு, எங்கள் ஆளின் முகத்தைப் படித்தவர் போல, பழைய மெஷினை ஓட விட்டுத் தன் பையிலிருந்து ஒரு காசை எடுத்து விளிம்பில் நிறுத்தினார். நட்டுவைத்த மாதிரி நின்றது. ஆர்லின் தன் காசை வெளியே எடுக்கவே இல்லை. வாங்கிக்கொண்டு வந்தோம்.

வண்டியில் ஏறியதும் சொன்னார்: "அவன் காசோட விளிம்ப அரத்தால தட்டையாக்கி வச்சிருக்கான்."

வீட்டுக்கு வந்து கராஜில் மெஷினை ஓட விட்டார். தன் காசை நிறுத்தினார். விழுந்தது. மறுபடி நிறுத்தினார். உருண்டு மேசைக்கு அடியில் போயிற்று. குனிந்து எடுத்து வந்து மூன்றாம் முறை. விழுந்தது.

"பாத்தியா? நான் சொன்னேன்ல."

அப்போது அவர் மனைவி மார்விஸ் காபியோடு வந்தார். ஆர்லினின் கோப்பையில் எப்போதும் பாதிதான் ஊற்றுவார். டாக்டர் காபியைக் குறைக்கச் சொல்லியிருப்பார் என்று நினைத்திருந்தேன்.

"இன்னும் அந்தக் காசு விளையாட்டு முடியலையா?" என்று கேட்டுக்கொண்டே காபித் தட்டைக் கீழே வைத்தார். ஆர்லின் விரலிலிருந்து காசை வாங்கினார். ஓடுகிற மெஷினின் மேல் இரண்டு விரலால் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தார்.

காசு நின்றது. உருளை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது, காசு அசையவில்லை. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மார்விஸின் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது, அவருக்கு இது புதிது இல்லை. விளையாட்டாகச் செய்யப்போய் இப்படி ஆகிவிட்டதே என்று மட்டும்தான் அதில் இருந்தது. பாதி காபி எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது, முழுக் கோப்பை அவர் கையில் தளும்பிவிடும். ஆர்லின் வலது கையை மெல்லச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்றார் கடைசியில். "என் கைல இந்தக் காசு ஒரு தடவையாவது நின்னு பொய் சொல்லும்னு பாத்தேன்."

நான் காசை எடுத்துக்கொண்டு மெஷினை அணைத்தேன்.

அவர் இழுப்பறையைத் திறந்து, ஒட்டுப்பலகையில் வெட்டிய நுகத்தடி அச்சு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "இத வச்சு ஆஷ் பலகைல கோடு போடு. நீதான் தேய்க்கப்போற."

அச்சைத் தோளில் வைத்துப் பார்த்தேன். அவர் கழுத்து ஒல்லி, என்னுடையது எருமைக் கழுத்து. பழைய நுகத்தடியை விளையாட்டுக்குத் தோளில் வைத்தால்கூட எனக்கு வலிக்கும். இது அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. மார்ச் மாதம் அவர் வீட்டுச் சமையலறையில் என் கழுத்தைச் சுற்றி நூல் பிடித்தது நினைவுக்கு வந்தது. பிறந்தநாளுக்குச் சட்டை எடுக்க என்றார். பிறந்தநாள் போய் மூன்று வாரமாகியும் சட்டை வரவில்லை, நானும் அவரைக் கஞ்சன் என்று திட்டிக்கொண்டிருந்தேன். ஆய்வாளர்கள் காலையில் முதலில் தங்கள் எடைக்கற்களைத்தான் சோதிப்பார்களாம், அவரே சொல்லியிருக்கிறார். உப்புத்தாளுக்கும் அரத்துக்கும் நான்கு மெஷின்களுக்கும் முன்பே அவர் சந்தேகப்பட்டது தன்னைத்தான்.

"என் சட்டை எங்கய்யா?" என்றேன்.

"அதான் தோள்ல போட்டுட்டு நிக்கிறியே" என்றார். பிறகு மெஷின் பக்கம் கையைக் காட்டினார். "ஓட விடு. மெதுவாத் தள்ளு. நீ எங்க தப்புப் பண்ணப்போறேன்னு எனக்குத் தெரியும், பின்னாலயே நிக்கிறேன்."