நைல் நதியை நான் மறித்த நாள்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்துக் கோணல் மாணலானது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த ர, எந்த ற என்று இன்றும் தடுமாறுவேன். பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாடசாலைகளுக்குச் சிற்றூழியராக வரப்போகிற இளம் ஆட்கள் படிக்கட்டும் என்று எங்கள் பள்ளிக்கூட அதிபர் கேட்டதால் எழுதுகிறேன். கூட்டுவது, மணி அடிப்பது, கதவு பூட்டுவது பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அவற்றை முதல் கிழமையிலேயே பழகிவிடுவீர்கள்.

இந்த வேலைக்கு வருமுன் யாழ்ப்பாணத்தில் வலிகாமத்து வெங்காயத் தோட்டங்களில் பதினெட்டு வருடம் கூலிக்குத் தண்ணீர் மாறினேன். பம்ப் இறைக்கிற கிணற்றுத் தண்ணீரை வாய்க்காலில் இருந்து ஒவ்வொரு பாத்திக்கும் மண்வெட்டியால் திருப்பிவிடுகிற வேலை அது. பாத்தி நிறைந்ததும் மறிக்க வேண்டும். வரம்பு உடைத்துக்கொண்டு வழிந்தால் வெங்காயம் அழுகும், தோட்டக்காரர் ஏசுவார். அதனால் வழிகிற தண்ணீரைக் கண்டால் என் கை தானாகவே மண்வெட்டியைத் தேடும்.

1. ஆலோசகர் வந்தார்

ஆறாம் வகுப்புக்கு வரலாறு படிப்பித்தவர் சுபாங்கி மிஸ். புது நியமனம். வல்வெட்டித்துறையில் இருந்து பஸ்ஸில் வந்து போவார். ஒருநாள் அவருடைய வகுப்பைப் பார்க்கப் பாட ஆலோசகர் வந்தார். நான் விறாந்தையைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"நைல் நதி ஒவ்வொரு வருசமும் பெருக்கெடுக்கும். அப்ப எகிப்துச் சனம் சந்தோசப்பட்டது. ஏன்?" என்று ஆலோசகர் கேட்டார்.

கபிலன் என்ற குழப்படிக்காரன் எழும்பினான்.

"பள்ளிக்கூடம் லீவு விடுவினம், சேர்."

வகுப்புச் சிரித்தது. ஆலோசகர் சிரிக்கவில்லை. முன்வாங்கில் இருந்த தர்சிகா கையை உயர்த்தினாள்.

"வெள்ளம் வந்தால் ஆர் சேர் சந்தோசப்படுவினம்? எங்கடை வீட்டுக்கை வந்து அரிசி, கொப்பி எல்லாம் நனைஞ்சு போச்சு. நாலு நாள் பொதுநோக்கு மண்டபத்திலை படுத்தனாங்கள்."

அவள் கேட்டதில் பிழை இல்லை. ஆனால் ஆலோசகர் வெளியே வந்து மிஸ்ஸிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"பிள்ளை, நீங்கள் புத்தகத்தை வாசிச்சுக் காட்டுறியள், படிப்பிக்கேல்லை. ரெண்டு கிழமையாலை திரும்ப வருவன். அப்பவும் உப்பிடியே இருந்தால், வரலாற்றை வேறை ஆளிட்டைக் குடுக்கச் சொல்லி எழுதுவன்."

பள்ளிக்கூடம் விட்ட பிறகும் மிஸ் வகுப்பிலேயே இருந்தார். நான் குப்பைக் கூடையை எடுக்கப் போனேன்.

"ஆத்தையே காணாத பிள்ளையளுக்கு நான் எப்பிடி அண்ணை ஆத்தைக் காட்டுறது? யாழ்ப்பாணத்திலை எங்கை ஆறு?"

வழுக்கியாறு என்று ஒன்று இருக்கிறது. மாரி முடிந்தால் அதில் ஆடுதான் மேயும். மிஸ்ஸும் என்னிடம் பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. இந்த வேலைக்கு வந்த ஆறு வருடத்தில் "ஓம் மிஸ்" என்பதற்கு மேல் நான் எந்த ஆசிரியரிடமும் கதைத்ததில்லை. ஆனால் மேசையில் புத்தகம் திறந்து கிடந்தது. அதிலே ஒரு படம். நீண்ட மரத்தில் வாளியைத் தொங்கவிட்டு ஒருவன் ஆற்றிலே தண்ணீர் அள்ளுகிறான்.

"உது துலா எல்லோ மிஸ்?"

"துலா மாதிரித்தான் அண்ணை."

"அப்ப உவையும் தோட்டக்காரர்தான்," என்றேன். பிறகு எங்கிருந்து துணிவு வந்ததோ, "ஆத்தைப் பள்ளிக்கூட முத்தத்திலை ஓட விடலாம் மிஸ். எனக்குத் தண்ணி மாறத் தெரியும்" என்றும் சொல்லிவிட்டேன். காது சுட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

2. செம்மண் குடித்த ஆறு

மறுநாள் மிஸ் என்னைத் தேடி வந்தார். நைல் வடக்கே ஓடிக் கடலில் விழும் என்றார். பாடசாலைக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கி தெற்குப் பக்கம் நின்றது நல்லதாய்ப் போயிற்று. அங்கிருந்து வடக்கே, காங்கேசன்துறைப் பக்கம் பார்த்து முப்பது அடி வாய்க்கால் வெட்டி, அதன் முடிவில் கடலென்று ஒரு குழி தோண்டினேன். பிள்ளைகள் உடைந்த செங்கல்லால் பிரமிட் கட்டினார்கள்.

முதல்நாள் தண்ணீரைத் திறந்தேன். பத்தடி ஓடியது. அதற்குமேல் காணவில்லை. செம்மண் குடித்துவிட்டது.

"அண்ணை, நைல் நதி அரைவழியிலை செத்துப்போச்சு. மாலை வாங்கட்டே?" என்றான் கபிலன்.

காய்ந்த வாய்க்காலை முதலில் ஊற விட வேண்டும் என்பது தண்ணீர் மாறுகிற எவனுக்கும் தெரியும். இருபத்தெட்டுப் பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றதில் அதை மறந்துபோனேன். அடுத்தநாள் விடியவே ஊற விட்டேன். ஆறு கடல்வரை ஓடியது.

இனி வெள்ளம் வேண்டும். அது வண்டலைக் கொண்டுவரவும் வேண்டும். பக்கத்துக் குளத்தில் காய்ந்து கிடந்த கறுப்பு மண்ணை இரண்டு உரப்பையில் சைக்கிளில் ஏற்றி வந்தேன். எகிப்தியரும் தங்கள் நாட்டைக் கறுப்பு மண் என்றுதான் அழைத்தார்கள் என்று மிஸ் சொன்னபோது எனக்கு நல்ல சந்தோசம். அந்த மண்ணை ஒரு பீப்பாவில் கரைத்து வைத்தோம். ஒரு வெள்ளத்துக்குத்தான் காணும் என்பதால் அதை ஒத்திகை பார்க்கவில்லை. மிஸ் வாயால் சொல்லிக்கொடுத்ததோடு சரி.

3. மறித்தேன்

சொன்னபடி ஆலோசகர் வந்தார். அதிபரும் கூட வந்தார். நான் பீப்பாவைச் சரித்தேன்.

கறுப்புத் தண்ணீர் வாய்க்கால் நிறைய வந்தது. மெல்ல மெல்ல உயர்ந்தது. வளைவுக்கு வந்ததும் வரம்பை உடைத்துக்கொண்டு நிலத்தில் பரவத் தொடங்கியது. அதுதான் வேண்டியிருந்தது. ஆனால் நான் எங்கே நிற்கிறேன் என்பதை மறந்துபோனேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்தேன். இரண்டு வெட்டு மண் போட்டுக் காலால் மிதித்து, ஒரு சொட்டும் கசியாமல் மறித்துவிட்டேன். நல்ல மறிப்பு என்று எனக்குள் ஒரு பெருமையும் வந்தது.

நிமிர்ந்து பார்த்தால் மிஸ் வாயில் கை வைத்தபடி நிற்கிறார். அதிபரின் முகம் சிவந்துபோயிற்று.

"அண்ணை, ஏன் மறிச்சனியள்?" தர்சிகாதான் கேட்டாள். "விடுங்கோ. உடைக்கத்தானே வேணும்."

"தோட்டம் பழுதாப்போகும், பிள்ளை," என்றது என் வாய்.

"உங்கடை வெங்காயம்தான் பழுதாப்போகும். இது எகிப்து. அங்கை மழை இல்லை. வெள்ளம் வராட்டில் விதைக்கேலாது. விதைக்காட்டில் பஞ்சம்."

"அண்ணை ஒரு நாட்டையே பட்டினி போட்டிட்டார்," என்றான் கபிலன்.

அதிபர் என்னை ஏச வாயெடுத்தார். ஆலோசகர் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டுத் தர்சிகாவைப் பார்த்தார்.

"வெள்ளம் வத்தினால் என்ன மிஞ்சும்?"

"வண்டல், சேர். கறுப்பு மண். அதிலைதான் விதைப்பினம்."

"சரி. வெள்ளத்துக்கும் அரசனுக்கும் என்ன தொடர்பு?"

அந்தக் கேள்வி புத்தகத்தில் இருந்ததோ தெரியாது. கபிலன் முன்னுக்கு வந்தான்.

"வெள்ளம் வந்தால் வரம்பெல்லாம் அழிஞ்சுபோகும் சேர். பிறகு ஆரின்ரை காணி எது எண்டு சண்டை வரும். எங்கடை ஊரிலை வெள்ளம் இல்லாமலே வேலிச்சண்டை. அப்ப திரும்ப அளக்க ஆள் வேணும், எழுதி வைக்க ஆள் வேணும், விளைஞ்சதைச் சேர்த்து வைக்கக் களஞ்சியம் வேணும். உதெல்லாத்தையும் பாக்க ஒரு அரசன் வேணும்."

"வெள்ளம் எப்ப வரும் எண்டு பாக்க நாட்காட்டியும் வேணும்," என்று பின்னால் நின்ற ஒரு பிள்ளை சேர்த்தது.

ஆலோசகர் இந்தமுறை சிரித்தார். என்னைப் பார்த்து, "அண்ணை, பிள்ளையள் சொல்லுறதைக் கேளுங்கோ. தண்ணியை விடுங்கோ," என்றார்.

நான் போட்ட மண்ணை நானே வெட்டினேன். வழியட்டும் என்று நான் வெட்டிய முதல் வரம்பு அது. கறுப்புத் தண்ணீர் செம்மண்ணின் மேல் பாய் விரித்த மாதிரிப் பரவியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அதிபரும் தட்டினார்.

4. பிறகு

போகும்போது ஆலோசகர் மிஸ்ஸிடம், "வரலாறு உங்களிட்டையே இருக்கட்டும்," என்றார். பிறகு, "அந்த மறிப்பும் பாடத் திட்டத்திலை இருந்ததோ?" என்று கேட்டார்.

மிஸ் பொய் சொல்லவில்லை. "இல்லை சேர். அது அண்ணையின்ரை பிழை."

"அப்ப மற்றப் பள்ளிக்கூடப் பிள்ளையளை அனுப்புறன். அவைக்கும் அந்தப் பிழையைச் செய்து காட்டச் சொல்லுங்கோ."

வற்றிய பிறகு பயறு விதைத்தோம். கறுப்பு மண் படிந்த இடத்தில் அடர்த்தியாக முளைத்தது. இதுவரை நாலு பாடசாலைகள் வந்து பார்த்துவிட்டன. ஒவ்வொரு முறையும் நான் ஓடிப்போய் மறிப்பேன். ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு பிள்ளை, "அண்ணை, விடுங்கோ!" என்று கத்தும். அந்தச் சத்தத்துக்காகவே இப்போது மறிக்கிறேன்.

நான் படித்த பாடம் இதுதான். எல்லாம் சரியாக நடந்திருந்தால் பிள்ளைகள் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒரு பிழையைக் கண்டதும்தான் தங்களுக்கு என்ன தெரியும் என்று அவர்களுக்கே தெரியவந்தது. ஆகவே பிழை விட்டுவிடுவோம் என்ற பயத்தில் சுவரோரம் ஒதுங்கி நிற்காதீர்கள். நான் ஆறு வருடம் அப்படித்தான் நின்றேன்.

தர்சிகா இப்போது எட்டாம் வகுப்பு. நேற்று இதை வாசித்துவிட்டுச் சிவப்புப் பேனையோடு வந்து இருந்தாள். எழுத்துப் பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தினாள். கடைசிப் பக்கம் வந்ததும் நான் தடுத்தேன்.

"ஒண்டு ரெண்டை விட்டு வை, பிள்ளை. வாசிக்கிறவை கண்டுபிடிக்கட்டும்."

2025 ஆனி 15, ஞாயிற்றுக்கிழமை.