வியாகுலம்மாள் வாங்கிய எலிமினேட்டர்

வியாகுலம்மாள் கோபப்பட்டால் திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் மூன்று தெருவுக்குக் கேட்கும் என்பார்கள். சொல்கிறவர்கள் எல்லாம் ஆண்கள். அவளுக்கு ஏன் கோபம் வருகிறது என்று அதில் ஒருத்தராவது கேட்டதுண்டா? சுருட்டுக் கம்பெனியில் புகையிலை நரம்பு கிழித்தே ஒரே மகள் அல்போன்சாவைப் படிக்கவைத்து, இலங்கையில் தேயிலைத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தவள் அவள். வீட்டுக்காரர் செபஸ்தியான் பூட்டுப் பட்டறையில் அரத்தால் சாவி ராவுகிறவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. பெண்டாட்டி பேச்சு மட்டும் காதில் ஏறாது.

அறுபத்தாறாம் வருடம் அல்போன்சாவுக்குப் பிள்ளை பிறந்தது. பாஸ்போர்ட், விசா என்று ஆயிரம் தொல்லை. போய்ப் பார்க்க வழியில்லை. குறும்புக்காரி, கடுதாசியில் பிள்ளை பிறந்ததை மட்டும் எழுதினாள். 'ஆணா பெண்ணா, பேர் என்ன என்பதெல்லாம் உன் பிறந்தநாளன்று இலங்கை ரேடியோவில் வாழ்த்துச் சொல்லும்போது கேட்டுக்கொள்' என்று முடித்திருந்தாள். பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாழ்த்து மத்தியானம்.

வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. பினாங்கிலிருந்து தம்பி கொண்டுவந்தது. அதற்கான பேட்டரிக்கட்டை திண்டுக்கல்லிலும் இல்லை, மதுரையிலும் இல்லை. வீட்டுக் கரண்டிலேயே பாட வைக்க எலிமினேட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு என்று கேள்விப்பட்டு, டிரான்சிஸ்டரைச் சேலையில் சுற்றிக்கொண்டு கிதர் முகம்மதுவின் ரேடியோ கடைக்குப் போனாள்.

அவர் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு ஆறு வோல்ட்டும்மா. கூடுனா கருகிப் போயிரும். பெட்டி இருக்கு, ஆனா இந்த ஓட்டைக்கு ஏத்த முனை இல்ல. மதுரைக்குச் சொல்லி விடுறேன். ஞாயித்துக்கெழம காலைல பஸ்ஸுல வந்துரும், பூசை முடிஞ்சு வாங்கிக்கங்க."

வீட்டில் அதைச் சொன்னதும் செபஸ்தியான் சிரித்தார். "ஒரு முனைக்கு மதுரைக்கா? நான் ராவாத முனையா?"

"ஆறு வோல்ட்டுதான் போடணுமாம். நீங்க கையை வைக்காதீங்க."

"சரி, சரி."

அந்தச் 'சரி'யை நம்பியதுதான் அவள் செய்த தப்பு.

ஞாயிறு காலை பூசை முடிந்ததும் கடைக்குப் போனாள். மதுரை பஸ் வரவே மத்தியானம் நெருங்கிவிட்டது. முனை மாற்றிய பெட்டியை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். வாசலிலேயே கருகல் நாற்றம். பழைய சாமான் கடையில் எவனோ கழித்துப்போட்ட ஒரு எலிமினேட்டரைப் பொறுக்கிவந்து, முனையை அரத்தால் ராவி, ஓட்டைக்குள் கச்சிதமாகச் செருகியிருந்தார் மனுஷன். அதன் முதுகில் பன்னிரண்டு வோல்ட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"நம்பரப் பாத்தீகளா?"

"பூட்டுல நம்பரப் பாத்தா சாவி போடுறோம்? நல்லாத்தான் நுழைஞ்சுச்சு, வியாகுலம். நீ வர்றதுக்குள்ள பாட வச்சிரலாம்னு…"

அவள் அன்று கத்தவில்லை. கையிலிருந்த சரியான பெட்டியைக் கருகின டிரான்சிஸ்டர் பக்கத்தில் வைத்தாள். இருபத்தைந்து வருடமாக அவள் சொன்ன எதைத்தான் இந்த மனுஷன் காதில் வாங்கியிருக்கிறார்?

நேரம் ஆகிவிட்டது. பொம்பளைகள் நிற்காத சுருளிவேல் டீக்கடைக்கு ஓடினாள். ரேடியோவில் பாட்டுப் பாதியில் போய்க்கொண்டிருந்தது.

"இதுக்கு முன்ன வாழ்த்துச் சொன்னாங்களா? திண்டுக்கல்லுன்னு?"

"ஆமாக்கா, திண்டுக்கல்லுன்னாங்க. நாலஞ்சு பேரு வாசிச்சாங்க. யாவாரத்துல எங்கிட்டுக் கவனிக்க?" என்றார் சுருளிவேல். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அத்தனை பேர் காதில் விழுந்த பேர், கேட்கவேண்டியவள் காதில் விழவில்லை. பாட்டு முடிகிறவரை அங்கேயே நின்றாள்.

வீட்டுக்கு வந்து, சோற்றையும் கறிக்குழம்பையும் அலமாரிக்குள் வைத்து, செபஸ்தியான் கையால் செய்த, மாங்காய் வடிவப் பூட்டைப் போட்டாள். சாப்பிட வந்தவரிடம் ஒரு சாவியை நீட்டினாள்.

அவர் போட்டுத் திருகினார். எடுத்து ஊதினார், மறுபடி திருகினார். பூட்டு அசையவில்லை.

"வேற சாவியக் குடுத்துட்டே வியாகுலம்."

"ஓட்டைக்குள்ள நுழையுதுல்ல?"

"நுழையுது…"

"எனக்குப் பொறந்திருக்கிறது பேரனா பேத்தியான்னு ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாது" என்றாள் வியாகுலம்மாள். "நுழையுதுல்ல, அப்பத் தெறங்க."