பதினாலாம் நம்பருக்கு ஒரு தெவசம்

உடையார்பாளையம் டெலிபோன் ஆபீஸ் கிருஷ்ணம்மாளைப் பற்றி யாரைக் கேட்டாலும் கடுகடுப்பான பொம்பளை என்பார்கள். கேட்கிற நம்பருக்கு ஒயர் செருகி லைன் கொடுக்கும் போர்டு முன்னால் உட்கார்ந்துவிட்டால், தாசில்தாரே கூப்பிட்டாலும் "நம்பர் சொல்லுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நான் அங்கே லைன்மேன். படிப்பு ஐந்தோடு சரி. கம்பம் ஏறுகிறவனுக்கு அது போதும்.

எண்பத்து நாலில், ஆள் இல்லாமல் தானாகவே லைன் போடும் மிஷின் வரப்போகிறது என்று மேலாபீசிலிருந்து ஒரு வரைவு வந்தது. நம்பரை யாருக்கு, எப்படிக் கொடுப்பது, எப்போது எடுப்பது என்று விதி விதியாக அடித்திருந்தார்கள். முடிவு செய்யும் முன் எல்லா ஆபீசும் படித்துக் குறை இருந்தால் எழுத வேண்டுமாம். பொறுப்பில் இருந்த சிவசுப்பிரமணியன் சார் அந்த இங்கிலீஷைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் தலையாட்டினோம். 'காலியாகும் நம்பரை வரிசையில் அடுத்தவருக்கு உடனே கொடுக்க வேண்டும்' என்ற இடத்தில் கிருஷ்ணம்மாள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"அது ஆவாது சார். ஒரு தெவசம் கழியட்டும்னு எழுதுங்க."

"நம்பருக்கு என்னம்மா தெவசம்? எள்ளும் தண்ணியும் நான் எறைக்கவா?"

"எறைங்க. ஒங்களுக்கும் புண்ணியம்."

சிரித்தோம். ஆனால் எங்கள் ஆபீஸ் வழக்கமே அதுதான். செத்தவர் நம்பரை வருசத் தெவசம் கழியாமல் கொடுத்தால் ஊரில் யாரும் வாங்க மாட்டார்கள். அவள் அதற்காக மட்டும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பதினாலாம் நம்பர் ராசாங்கத்தின் முந்திரிக் கடை. லாரி மோதிச் செத்துப்போனான். கடை பூட்டிக் கிடந்தது, போன் உள்ளேயே இருந்தது. அவன் தாய் ஆண்டாயிக்கு அரும்பாவூர். சந்தை நாள் தவறாமல் அங்கே போஸ்டாபீசில் நின்று அந்த நம்பரைக் கேட்பாள். பெரம்பலூர் வழியாக எங்கள் போர்டுக்கு வரும்.

"அங்க ஆளில்லம்மா," என்றாள் கிருஷ்ணம்மாள் முதல் தடவை.

"தெரியுந் தாயி. வாய்க்கரிசி போட்டவ நான்தானே? மணி மட்டும் அடி. கேட்டுட்டு வெச்சிடுறேன்."

ஒவ்வொரு சந்தைக்கும் கிருஷ்ணம்மாள் அடித்தாள். ஒருநாள் அந்தத் தெருக் கம்பத்தின் மேல் நான் இருந்தபோது, பூட்டிய கதவுக்குப் பின்னால் மணி அடித்தது. காரணம் தெரிந்த நானே கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். எதிர் டீக்கடைக்காரன் அண்ணாந்து, "எறங்கி வாண்ணே, அவன்தான் கூப்புடுறான்," என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"அந்தப் பக்கம் ஒரு கொரலு கேட்டுட்டா அந்தம்மா என்னாவும்ணே?" என்பாள் கிருஷ்ணம்மாள். அவளுடைய பயம் அதுதான்.

இதையெல்லாம் ஆபீஸ் பேப்பரில் எழுத முடியுமா? 'பழைய ஆளைத் தேடும் கால் புது ஆளிடம் போய்விடும்' என்று சார் நாகரிகமாக எழுதி அனுப்பினார். மேலே பாதிதான் ஒப்புக்கொண்டார்கள். மூன்று மாதம் சும்மா இருக்கலாம், அதற்கு மேல் கூடாது, இப்போதிருந்தே அப்படி நடக்கவும் என்று உத்தரவு வந்தது. ராசாங்கத்துக்கு அந்தக் கெடு எப்போதோ தாண்டியிருந்தது.

நான்தான் போய் போனைக் கழற்றினேன். மணிக்குள் பல்லி முட்டையிட்டிருந்தது. ஊருக்குப் புதிதாக வந்த சிமெண்ட் ஏஜென்ட் வைரக்கண்ணுவுக்குப் பதினாலாம் நம்பரை மாட்டினேன். அவருக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்த சந்தை நாளில் கால் வந்தது.

"அம்மா, அந்த நம்பரு இப்ப வேற ஆளுக்குப் போயிடுச்சு. வேண்டாம்மா."

"சரி தாயி. நீ போடு."

கேட்ட நம்பரை மறுக்க ஆபரேட்டருக்கு அதிகாரம் இல்லை. ஒயரைச் செருகினாள். ஹெட்போனைக் கழற்றி, பக்கத்தில் நின்ற எனக்கும் அவளுக்கும் நடுவில் பிடித்தாள். வைரக்கண்ணு உடனே எடுத்துவிட்டார்.

"அலோ, யாரு?"

"எடுத்துட்டியா?" என்றாள் ஆண்டாயி. வைத்துவிட்டாள்.

அதோடு சந்தை நாள் கால் நின்றது. "பாத்தியா, மனசு தெளிஞ்சிடுச்சு," என்றார் சார். கிருஷ்ணம்மாள் சில வாரம் பொறுத்து, அரும்பாவூர் போஸ்ட்மாஸ்டரை லைனில் பிடித்தாள்.

"ஆண்டாயியா? நல்லாத்தான் இருக்கு. எம்புள்ள போன எடுத்துட்டான், கெளம்பிட்டான்னு சொல்லிக்கிட்டு, சந்தை நாள் பூரா பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்திருக்கு. யாரு கூப்புட்டாலும் எந்திரிக்கறதில்ல. ஏங்க, ஏதும் சேதி இருக்கா?"

"இல்லீங்க," என்று லைனை வெட்டினாள். போர்டில் யார் யாரோ கூப்பிட்டபடி இருந்தார்கள். அவள் கை எதையும் தொடவில்லை. அன்று மிச்ச நேரத்துக்கு சார்தான் உட்கார வேண்டியதாயிற்று.